நான் வந்தால் புளிக்கும் தண்ணீர்

டாவூ அந்தக் கருவியை மீன்தொட்டியில் மாட்டிய அன்று காலையே, அதற்கு என்னைப் பிடிக்கவில்லை என்பது தெரிந்துவிட்டது.

தீவனக் கிண்ணத்தோடு நான் உள்ளே நுழைந்தபோது, மேசைமேல் இருந்த சின்னத் திரையில் 7.2 என்ற எண் அசையாமல் நின்றிருந்தது. மேசையைச் சுற்றிக்கொண்டு போய்த் தொட்டியின் மேல் குனிந்தேன். எண் 6.6 ஆயிற்று. பிறகு 5.9. பெட்டிக்குள் பூச்சி ஒன்று மாட்டிக்கொண்டதைப் போலக் கருவி விடாமல் கீச்சிட ஆரம்பித்தது.

“தண்ணில என்னத்தப் போட்ட?” என்றார் கங்யாங் ஆன்ட்டி.

“இன்னும் ஒண்ணுமே போடல ஆன்ட்டி. கிண்ணம் கையிலதான் இருக்கு, பாருங்க.”

“அப்ப அது ஏன் கத்துது?”

டாவூ எட்டிப் பார்த்தான். நான் பயந்துபோய்க் கதவருகே ஒதுங்கினேன். எண் மெல்ல ஏறி மறுபடி 7.2-இல் வந்து உட்கார்ந்தது. கீச்சொலி நின்றது.

“லியோப், இன்னொரு தடவ வா,” என்றான்.

வந்தேன். கத்தியது. போனேன். அடங்கியது. டாவூவுக்குச் சிரிப்பு வந்துவிட்டது. ஆன்ட்டிக்கு வரவில்லை.

ஆன்ட்டியின் மீன்குஞ்சுப் பொரிப்பகம் எங்கள் ஊரான புக்குருவில் அவர் வீட்டின் பின்கட்டில் இருக்கிறது. கெளுத்தி முட்டைகளைப் பொரிக்கவைத்து, குஞ்சுகள் விரல் நீளம் வளரும்வரை கறுப்புப் பிளாஸ்டிக் தொட்டிகளில் வைத்திருந்து, குளம் வைத்திருப்பவர்களுக்கு விற்பார். தீனி போடுவதும் அடியில் சேரும் கசடை ரப்பர் குழாயால் உறிஞ்சி எடுப்பதும் என் வேலை. ஒவ்வொரு ஈட்டுக் குஞ்சுகளிலும் ஒரு பேசின் நிறைய என்னுடையது என்பது எங்களுக்குள் பேச்சு. அதற்காக எங்கள் வீட்டுக்குப் பின்னால், வெள்ளீயம் தோண்டிக் கைவிட்டுப்போன பழைய குழியில் தேங்கிய நீரில், கம்பு நட்டு வலை கட்டி வைத்திருந்தேன். அந்த வலைக்குள் இதுவரை தவளைகள் மட்டும்தான் குடியிருந்தன. போன ஈட்டுக் குஞ்சுகள் என் கைக்கு வரவே இல்லை. நான் தீனி போட்டுவந்த தொட்டியில் அத்தனையும் ஒரே காலையில் வயிற்றைக் காட்டிக்கொண்டு மிதந்தன.

ஏன் என்று யாருக்கும் தெரியவில்லை. ஆன்ட்டி போதகரை அழைத்துவந்து பொரிப்பகத்தின் நிலைக்கதவில் அபிஷேக எண்ணெய் பூசவைத்தார். சந்தையில் கைபேசி பழுது பார்க்கும் அவருடைய தம்பி டாவூ, “எண்ணெய் அது பாட்டுக்கு இருக்கட்டும் அக்கா, தண்ணிக்கு என்ன ஆச்சுன்னு சொல்ல நான் ஒண்ணு செஞ்சு தரேன்,” என்றான்.

அவன் செய்தது பார்க்க எளிமையாகத்தான் இருந்தது. ஒரு கண்ணாடிக் குச்சி. அதன் நுனியில் சோப்புக் குமிழைப் போல மெல்லிய ஒரு கண்ணாடி உருண்டை. தண்ணீரில் புளிப்பு ஏறினால் அந்த உருண்டை கொடுக்கும் மின்சாரம் கொஞ்சம் மாறும். குச்சியின் ஒயர் ஒரு சின்னப் பெட்டிக்குப் போகிறது. அங்கிருந்து, பள்ளிப் பிள்ளைகள் விளக்கு மினுக்கவைத்து விளையாடும் அர்டுயினோ போர்டுக்கு. அது கணக்குப் போட்டு எண்ணைத் திரையில் காட்டுகிறது. ஏழு என்றால் நடுநிலை. கீழே இறங்கினால் புளிப்பு, மேலே ஏறினால் சோப்புத்தண்ணீர் பக்கம். எல்லை தாண்டினால் கத்தும். அவ்வளவுதான். வெறும் கண்ணாடி எப்படித் தண்ணீரின் ருசியைக் கண்டுகொள்கிறது என்று கேட்டேன். அது தனக்கும் முழுசாகப் புரியவில்லை என்றான் டாவூ. அந்தப் பதில் எனக்குப் பிடித்திருந்தது.

இப்போது அதே குச்சி என் மேல் புகார் சொல்லிக்கொண்டிருந்தது.

“வாசலின்,” என்றார் ஆன்ட்டி. “கைய நீட்டு.”

நீட்டினேன். ஹர்மத்தான் என்ற வறண்ட பாலைக்காற்று அடிக்கிற மாதங்களில் எங்கள் பக்கம் வாசலின் பூசாத கை உண்டா? பூசாவிட்டால் தோல் சாம்பல் பூத்து வெடித்துவிடும். ஆன்ட்டியின் கையும் பளபளவென்றுதான் இருந்தது.

“போய்க் கழுவிட்டு வா. முழங்கைவரைக்கும்.”

கழுவினேன். சாம்பல் போட்டுத் தேய்த்து, சோப்புப் போட்டு, மறுபடி தண்ணீர் விட்டு அலசி, குளிரில் விறைத்த கைகளைத் தூக்கிப் பிடித்துக்கொண்டு வந்தேன். நான் மேசைப் பக்கம் திரும்பியதுமே எண் சரிய ஆரம்பித்தது. கை தண்ணீரைத் தொடவே இல்லை.

ஆன்ட்டி நாற்காலியில் உட்கார்ந்துவிட்டார். அப்புறம், என்னைப் பார்க்காமல், தலைத்துணியைச் சரிசெய்தபடி சொன்னார்.

“நான் உன்னைத் தப்பாச் சொல்லல லியோப். சில பேருக்குக் கைராசி இருக்கும், சில பேருக்கு இருக்காது. அது அவங்க தப்பில்ல.”

“அக்கா, நீ சர்ச்சுல டீக்கனஸ், ராசியெல்லாம் பேசலாமா?” என்றான் டாவூ.

“அதனாலதான் மெதுவாச் சொல்றேன். போன தடவ செத்தது எந்தத் தொட்டி? இவ தொட்டி. இப்ப கத்துறது யாரப் பாத்து? இவளப் பாத்து. இந்த ஈடு விக்கிறவரைக்கும் அவ உள்ள வர வேணாம். வெளிய தண்ணி சுடவைக்கட்டும்.”

“அப்ப என் பேசின்?” என்று கேட்டுவிட்டேன்.

“வளக்கறவளுக்குத்தான் பேசின். அதான பேச்சு?”

அதுதான் பேச்சு.

அன்றைக்கு முழுவதும் முற்றத்தில் விறகு அடுப்பில் டிரம் தண்ணீரைச் சுடவைத்துக்கொண்டிருந்தேன். இந்தக் குளிரில் வெந்நீர் கலக்காவிட்டால் குஞ்சுகள் தாங்காது. வானம் மாவு சலித்ததைப் போல வெளுத்துக் கிடந்தது. அழலாம் என்றுதான் முதலில் நினைத்தேன். ஆனால் ஒரு கேள்வி குறுக்கே வந்து உட்கார்ந்துகொண்டு அழவிடவில்லை. நான் தண்ணீரைப் புளிக்கவைத்தேன் என்றே வைத்துக்கொள்வோம். புளித்த கஞ்சி மறுபடி புளிக்காத கஞ்சி ஆகுமா? நான் விலகியதும் தண்ணீர் எப்படித் திரும்ப நல்லதாகிறது?

ஜன்னல் வழியாகத் திரையைப் பார்க்க முடிந்தது. தூரத்தில் நின்றே கையை ஆட்டினேன். ஒன்றும் ஆகவில்லை. ஜன்னல் கம்பியில் தலையை ஒட்டிவைத்து எட்டிப் பார்த்தேன். 7.2 கொஞ்சம் நடுங்கி 7.0 ஆயிற்று. அசையாமல் நின்றேன். திரும்ப வந்துவிட்டது. தலையை ஆட்டினேன். மறுபடி நடுங்கியது.

அப்படியென்றால் அது நான் இருப்பதைக் கண்டு கத்தவில்லை. நான் அசைவதைக் கண்டு கத்துகிறது.

மறுநாள் ஆன்ட்டி சர்ச்சுக்குப் போன நேரத்தில் டாவூவைப் பிடித்துக்கொண்டேன்.

“குச்சிய ஒரு டம்ளர் தண்ணில போட்டு வெளிய கொண்டுவா. எல்லாத்தையும், பெட்டி, ஒயரு, எல்லாத்தையும்.”

“எதுக்கு?”

“தொட்டிக்கு என்னைப் பிடிக்கலையா, இல்ல உன் பெட்டிக்குப் பிடிக்கலையான்னு பாக்கணும்.”

“என் பெட்டி யாரையும் அப்படிப் பாகுபாடு பாக்காது.”

“நீ சரிபண்ணிக் குடுத்து மறுபடி கெட்டுப்போன போனுக்கெல்லாம் இப்படித்தான சொன்ன?”

முணுமுணுத்துக்கொண்டே கொண்டுவந்தான். முற்றத்து மரப்பலகைமேல் டம்ளரை வைத்து, குச்சியை அதில் நிறுத்தி, நீண்ட ஒயரைப் பலகை ஓரமாக இழுத்துப் பெட்டியில் சொருகினான். 7.3. அவன் சுற்றிச் சுற்றி நடந்தான், குதித்தான், டம்ளருக்குப் பக்கத்தில் ஆடினான்கூட. எண் அசையவில்லை. நான் ஓரடி எடுத்து வைத்தேன். 6.5.

“அம்மாடி,” என்றான் டாவூ. இந்த முறை அவன் சிரிக்கவில்லை. “டம்ளருக்குமா உன்னைப் பிடிக்கல?”

“இந்தத் தண்ணில மீனே இல்ல. நான் எதையும் தொடவும் இல்ல. உனக்கும் எனக்கும் என்ன வித்தியாசம், சொல்லு.”

“நீ அழகு.”

“டாவூ.”

“சரி, சரி. நீ பொண்ணு. ஆனா அக்காவும் பொண்ணுதான், அவ பக்கத்துல போனா ஒண்ணும் ஆகல. நீ உயரம். ஆனா நான் உன்னைவிட உயரம். நீ ஸ்வெட்டர் போட்டிருக்க, நானுந்தான் போட்டிருக்கேன்...”

இருவரும் பலகைக்கு எதிரெதிரே உட்கார்ந்து ஒருவரை ஒருவர் புதிதாகப் பார்ப்பவர்கள்போலப் பார்த்துக்கொண்டிருந்தோம். கண்ணாடிக் குச்சி வந்த அட்டைப்பெட்டி அங்கேயே கிடந்தது. அதற்குள் குச்சி உடையாமலிருக்கப் போட்டிருந்த தெர்மோகோல் மணிகள் பாதி சிந்திப் பலகைமேல் பரவியிருந்தன. நான் ஒயரைக் கிட்டத்தில் பார்க்கக் குனிந்தேன். மணி ஒன்று பலகையை விட்டு எழுந்தது. காற்று இல்லை. அது துள்ளி வந்து என் பின்னலில் ஒட்டிக்கொண்டது. பின்னால் இன்னொன்று. அப்புறம் நாலைந்து.

கிறிஸ்துமஸ் பாட்டுக் குழுவுக்காகப் போன வாரம்தான் சந்தையில் உட்கார்ந்து பின்னிக்கொண்டு வந்திருந்தேன். இடுப்புவரை நீளும் செயற்கைச் சவுரி முடி, ஊசி ஊசியாக மெல்லிய பின்னல்கள், நுனியெல்லாம் மருதாணிச் சாயம்போலச் சிவப்பு. நடக்கும்போதெல்லாம் அவை என் ஸ்வெட்டரில் உரசி உரசிச் சின்னதாகச் சடசடக்கும். அந்தச் சத்தம் எனக்குப் பிடிக்கும். டாவூவுக்கு மொட்டைக்குச் சற்று மேலான முடி. ஆன்ட்டி எப்போதும் பருத்தித் துணியால் தலையை இறுகக் கட்டியிருப்பார்.

“அசையாத,” என்றான் டாவூ. அவன் கண் என் முடியிலும் திரையிலும் மாறி மாறி ஓடியது. “ஒரே ஒரு பின்னல மட்டும் எடுத்து, ஸ்வெட்டர்ல தேச்சு, ஒயர் கிட்ட கொண்டுபோ. மெதுவா.”

தேய்த்தேன். கொண்டுபோனேன். எண் சரிந்தது. விலக்கினேன். எண் மறுபக்கம் துள்ளி 8.1-க்கே போய்விட்டுத் திரும்பியது. தண்ணீருக்குப் பக்கத்தில் கொண்டுபோனபோது பெரிதாக ஒன்றும் ஆகவில்லை. ஒயருக்குப் பக்கத்தில்தான். அதிலும் ஓரிடத்திலிருந்து ஆரம்பித்து.

“இங்கிருந்து,” என்று விரல் வைத்தேன். அங்கே கறுப்பு டேப் சுற்றிய ஒரு முடிச்சு இருந்தது. “இது என்ன?”

டாவூ தலையைச் சொறிந்தான்.

“ஒட்டு.”

“எதோட எது ஒட்டு?”

“குச்சியோட ஒயர் ஒரு முழந்தான் வந்துச்சு. தொட்டி பக்கத்துலயே போர்ட வெச்சா தண்ணி தெறிச்சுப் போயிடும். அதான் வெட்டிட்டு, நடுவுல ஸ்பீக்கர் ஒயர் வெச்சு நீட்டினேன்.”

அவனைக் குறை சொல்ல முடியாது. எங்கள் ஊரில் எதற்கு நீளம் போதாவிட்டாலும் ஸ்பீக்கர் ஒயர்தான். வாசல் மணி, ரேடியோ ஏரியல், சார்ஜர், சர்ச் மைக், எல்லாமே சிவப்பும் கறுப்புமான அந்த இரட்டை ஒயரில்தான் தொங்கிக்கொண்டிருக்கின்றன. எல்லாம் நன்றாகவே வேலை செய்கின்றன.

வெட்டி எறிந்த பழைய துண்டைத் தேடி எடுத்துப் பிளேடால் கீறினான். நடுவில் ஒரு கம்பி. அதைச் சுற்றி வெள்ளை ரப்பர். அதையும் சுற்றி, கூந்தல் வலையைப் போல நெருக்கமாகப் பின்னிய செம்பு நூல்கள். டாவூ அதை வெளிச்சத்தில் பிடித்து நெடுநேரம் பார்த்தான்.

“சும்மா பலத்துக்குப் போட்டிருக்கான்னு நெனச்சேன்,” என்றான்.

“அது எதுக்கு?”

“அந்தக் குமிழ் குடுக்கற கரண்ட் இருக்கே, அது உங்க பாட்டுக் குழுவுல கடைசி வரிசைல நிக்கிற ஒருத்தி வாய்க்குள்ள முணுமுணுக்கிற மாதிரி. போர்டு காதத் தீட்டிக்கிட்டுக் கேக்குது. நீ பக்கத்துல வந்து தலைய ஆட்டுனா, உன் முடி முரசு அடிக்கிற மாதிரி ஆயிடுது. இந்த வலை இருந்திருந்தா அது சுவர் மாதிரி தடுத்திருக்கும். நான் சுவர இடிச்சிட்டு முணுமுணுப்பக் கேட்டுட்டு இருந்திருக்கேன்.”

அவன் குரலில் வெட்கத்தைவிட வியப்புதான் அதிகம் இருந்தது. எனக்கும்தான். என் தலையில் நான் அறியாமல் மின்சாரத்தைச் சுமந்துகொண்டு ஒரு வாரமாகச் சந்தைக்கும் சர்ச்சுக்கும் போய்வந்திருக்கிறேன்.

துண்டு ஒன்றை நனைத்துத் தலையில் இறுகச் சுற்றிக்கொண்டு மறுபடி ஒயர் பக்கம் போய் நின்றேன். ஆடினேன். 7.3. குனிந்தேன், நிமிர்ந்தேன். 7.3. ஹர்மத்தானில் ஈரத்துண்டு போட்ட தலை பல்லைக் கிட்டவைத்தது, ஆனால் சிரிப்பை அடக்க முடியவில்லை.

“என்ன கூத்து இது?” என்று பின்னால் ஆன்ட்டியின் குரல் கேட்டது. சர்ச் உடுப்போடு, கையில் பைபிளோடு நின்றிருந்தார்.

இரண்டு பேரும் ஒரே நேரத்தில் விளக்க ஆரம்பித்தோம். முடி, ஸ்வெட்டர், ஒயர், முரசு. ஆன்ட்டி பொறுமையாகக் கேட்டார். கடைசியில் சொன்னார்: “ஆக, அவ தலையில இருந்து ஏதோ வருதுன்னு நீங்களே ஒத்துக்கறீங்க.”

டாவூ தலையில் அடித்துக்கொண்டான்.

“முடியில இருந்து ஆன்ட்டி. என்கிட்ட இருந்து இல்ல,” என்றேன்.

“முடி யார் தலையில இருக்கு? தலைக்குள்ள என்ன இருக்குன்னு முடிக்குத்தான் முதல்ல தெரியும். எங்க அம்மா சீப்புல வர முடியக்கூடக் கண்ட இடத்துல போட விடமாட்டா.”

பேசிப் பயனில்லை என்று தோன்றியது. பிறகு ஒன்று தோன்றியது. பின்னிக்கொண்டது போக மிச்சமிருந்த சவுரி முடிப் பாக்கெட் ஒன்று வீட்டில் இருந்தது. ஓடிப்போய் எடுத்துவந்தேன். மூச்சு வாங்க, பிரிக்காத அந்தப் பாக்கெட்டை ஆன்ட்டியின் கையில் கொடுத்தேன்.

“இது யார் தலையிலயும் இருந்ததில்ல. நீங்களே பிரிங்க. நீங்களே தேயுங்க.”

ஆன்ட்டி பாக்கெட்டைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். கிழித்தார். பளபளக்கும் ஒரு கொத்தை உருவி, சந்தேகத்தோடு தன் குளிர்ச்சால்வையில் நாலு தேய் தேய்த்தார். ஒயர் பக்கம் நீட்டினார். எண் கிணற்றில் விழுந்த வாளியைப் போல இறங்கியது. கருவி கீச்சிட்டது.

அவர் கையை விலக்கினார். கீச்சொலி நின்றது. மறுபடி நீட்டினார். கத்தியது. விலக்கினார். நீட்டினார். அப்புறம் நாங்கள் இருவரும் அங்கே இருப்பதையே மறந்தவராகப் பைபிளைப் பலகைமேல் வைத்துவிட்டு, கொத்தை மேலும் கீழும், வேகமாகவும் மெதுவாகவும் ஆட்டிப் பார்க்க ஆரம்பித்தார். தெர்மோகோல் மணிகள் எழுந்து வந்து கொத்தில் ஒட்டிக்கொண்டன. ஒன்றை ஊதிப் பார்த்தார். அது போகவில்லை.

“இது பிளாஸ்டிக்கு,” என்றார் கடைசியில்.

“ஆமா அக்கா.”

“பிளாஸ்டிக்குக்கு ஏது ராசி.”

கொத்தில் ஒட்டிய மணிகளை ஒவ்வொன்றாகப் பிய்த்தெடுத்தார்.

“அப்ப போன தடவ அந்தக் குஞ்சுங்க ஏன் செத்துச்சு?” என்று என்னைப் பார்த்துக் கேட்டார். குற்றம் சாட்டுகிற குரல் இல்லை. எனக்குப் பதில் தெரியும் என்று நினைத்துக் கேட்கிற குரலும் இல்லை. இருவருக்குமே தெரியாத ஒன்றை என் முன்னால் வைத்தார்.

“எனக்குத் தெரியல ஆன்ட்டி. தெரிஞ்சா நிச்சயம் சொல்லியிருப்பேன்.”

“ம்.” அவர் கொத்தை மடித்து என்னிடம் கொடுத்தார். “இன்ஜினியர், உன் ஒயர மாத்து. சந்தைக்கு ஓடாத, ஞாயித்துக்கிழமை ஒரு கடையும் இருக்காது.”

கடைகள் இல்லை. ஆனால் அடுக்களையில் பயற்று மாவை ஊற்றி மொய்மொய் அவிக்க வைத்திருந்த அலுமினியத் தாள் இருந்தது. டாவூ ஸ்பீக்கர் ஒயரின் நீளம் முழுவதும் அதைச் சுற்றி, இரண்டு முனைகளிலும் மிச்சமிருந்த செம்பு வலையோடு முறுக்கிக் கட்டினான். நடுக்கம்பியைத் தாள் எங்கும் தொடாமல் பார்த்துக்கொண்டான். பண்டிகைக்கு வறுத்த பாம்பு ஒன்றைத் தாளில் சுற்றி வைத்ததுபோல அது மினுமினுத்தது. புதன்கிழமை சந்தையில் டிஷ் ஆன்டெனா ஒயர் கிடைக்கும், அதில் இதே மாதிரி வலை இருக்கிறது, அதுவரை இது தாங்கும் என்றான்.

குச்சியை மறுபடி தொட்டியில் இறக்கினோம். ஆன்ட்டி திரைக்கு முன்னால் நாற்காலியை இழுத்துப் போட்டுக்கொண்டார்.

“துண்ட அவுத்துட்டு உள்ள வா,” என்றார். “முடிய நல்லா ஆட்டிக்கிட்டு வா. வெக்கப்படாத.”

பின்னல்கள் உலர்ந்து மறுபடி சடசடக்கும்வரை ஸ்வெட்டரில் தேய்த்துக்கொண்டேன். பிறகு வந்தேன். மேசையைச் சுற்றினேன். ஒயருக்குப் பக்கத்தில் நின்று தலையை இடமும் வலமும் வீசினேன். 7.2. நான் திரையைப் பார்க்கவில்லை. ஆன்ட்டியின் முகத்தைத்தான் பார்த்துக்கொண்டிருந்தேன். அதில் ஒன்றும் மாறவில்லை. ஆனால் கொஞ்ச நேரத்தில் அவர் எழுந்து தீவனக் கிண்ணத்தை எடுத்து என் பக்கம் நீட்டினார்.

“அதுங்க காலையில இருந்து பட்டினி. டாவூ போடறது தீனியா, சர்ச் காணிக்கைப் பையில காசு போடற மாதிரி நாலு சிட்டிகை.”

“அப்ப பேசின்?”

“ஒரு பேசின் உன்னோடது. குஞ்சு எடுக்கும்போது நான் கூட நிப்பேன். உன்னை விட்டா கொழுத்ததா பாத்துப் பொறுக்கிடுவ.”

“பொறுக்கத்தான் செய்வா,” என்றான் டாவூ.

அவர்கள் இருவரும் மொய்மொய்க்கு மிச்சத் தாள் போதுமா என்று சண்டை போட்டுக்கொண்டே வெளியே போனார்கள். நான் தொட்டியின் மேல் குனிந்து தீவனத் தூளைத் தூவினேன். அடியில் கறுப்பு மேகம்போலக் கிடந்த குஞ்சுகள் கலைந்து, மேலே வந்து, மீசைகளால் ஒன்றையொன்று இடித்துக்கொண்டு தின்றன. நீர்ப்பரப்பு மழை பெய்வதைப் போலப் பொரிந்தது.

தின்று முடித்துக் குஞ்சுகள் கீழே இறங்கியபின் கசடை உறிஞ்சும் குழாயை எடுக்கப் போனேன். போகிற போக்கில் திரையைப் பார்த்தேன். 7.1.

சட்டென்று மூச்சை நிறுத்திக்கொண்டு அசையாமல் நின்றேன். எண் திரும்பி வரவில்லை. பின்னல்களைச் சுருட்டி ஸ்வெட்டருக்குள் சொருகிவிட்டுக் கதவுவரை பின்னால் நடந்தேன். அப்போதும் 7.1. நெடுநேரம் கழித்து, மிக மெதுவாக, 7.0.

இது நான் இல்லை. வயிறு நிறைந்த அத்தனை குஞ்சுகளும் தண்ணீருக்குள் மூச்சு விடுகின்றன. மூச்சு கலந்தால் தண்ணீர் கொஞ்சம் புளிக்கும் என்று டாவூ முன்பு சொல்லியிருந்தான். அது இப்படித்தான் இருக்குமா? எல்லா வேளைத் தீனிக்குப் பிறகும் இதேபோல இறங்குமா, எவ்வளவு நேரத்தில் திரும்ப ஏறும், ஏறாமலே போகிற நாளும் உண்டா, போன ஈடு செத்த காலை அப்படித்தான் இருந்ததா? குழாயைச் சுவரில் சாய்த்துவிட்டு, ஆன்ட்டியின் நாற்காலியில் உட்கார்ந்து, அடுத்த எண்ணுக்காகக் காத்திருக்க ஆரம்பித்தேன்.